கெர்மோர் தீவின் விளக்குக்காரி

லெ ஆவ்ர் துறைமுகம்
14 மார்ச் 1897

பர்பாவுக்கு,

இந்தக் கையெழுத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படி. நான் எர்லே, உன் புருஷன். உயிரோடு இருக்கிறேன்.

நான் செத்துப்போனது நேற்று வரை எனக்கே தெரியாது. நேற்றுச் சாயங்காலம் இங்கே ஒரு சாராயக் கடையில் நம் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "கெர்மோர்ல என்ன சேதி?" என்று கேட்டேன். "என்ன சேதி, ஒரே நாள்ல அஞ்சு எழவு. மரி எர்மின் கப்பல் வரவே இல்ல. பெர்தெலே அண்ணன் தம்பி ரெண்டு பேரு, கிழவன் இசிதோர், குல்வென், அப்புறம் யாரோ ஒரு துவால்" என்றான். அந்த யாரோ ஒரு துவால் நான்தான். என் சாவுக்கு நானே ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான். இக்கீக்கே துறைமுகத்தில் வெடியுப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் கப்பலை விட்டு ஓடிவிட்டேன். அந்தக் கப்பித்தானிடம் நாய்கூட வேலை பார்க்காது. ஓடிப்போனவன் என்று அவன் குறிப்பேட்டில் எழுதியிருப்பான், ஊருக்குச் சேதி போயிருக்கும், என் பெயரைச் சொல்லி எல்லோரும் காறித் துப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்பேடும் கப்பலோடு சேர்ந்து முழுகும் என்று யார் கண்டது. இரண்டு வருடம் அந்த உப்புக் காட்டில் மண்வெட்டி பிடித்தேன். இப்போது வேறொருவன் பெயரில் இங்கே நிலக்கரி இறக்குகிறேன்.

நான் கிளம்பிய அன்று படகுத்துறையில் நாம் போட்ட சண்டை எனக்கு மறக்கவில்லை. "போ. திரும்பி வந்தா என் கதவத் தட்டாத" என்றாய். அதனால்தான் தட்டாமல் எழுதுகிறேன்.

வீட்டையும் ஆடுகளையும் விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. யார், எவர் என்று யாரும் கேட்காத ஊர் இது.

எர்லே


கெர்மோர் தீவு, விளக்குக் கோபுரம்
29 மார்ச் 1897

எர்லேக்கு,

செத்தவனுக்குக் கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. 'நலம், நலமறிய அவா' என்று போடலாமா கூடாதா என்று தெரியவில்லை. போடவில்லை.

தபால் கொண்டுவருகிற பெரின் உன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லெ ஆவ்ர்ல உனக்கு யாருடி இருக்கா?" என்றாள். "திரி விக்கிற கடைக்காரன்" என்றேன். "திரி விக்கிறவனுக்கு இவ்வளவு கோணக் கையெழுத்தா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது. இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு ஆசை.

கப்பல் முழுகிவிட்டது என்று காகிதம் வந்த 1895 டிசம்பர் மாதம், இருட்டுகிற நேரத்தில், உன் ஞானத்தகப்பன் வந்து கைத்தடியால் ஜன்னலை மூன்று தடவை தட்டினார். அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தீவில் பிறந்த ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். "இன்னைக்கு ராத்திரி உன் வீட்டுல ப்ரோயெல்லா, உடம்பில்லாத எழவும்மா, பாவிப் பொண்ணே" என்றார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நடுவில், கிடைக்காத உன் உடம்புக்குப் பதிலாக, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மெழுகுச் சிலுவை. விடியும் வரை ஊர் உட்கார்ந்து செபம் சொன்னது. நான் அழுதேன் எர்லே. படகுத்துறையில் சொன்ன வார்த்தைக்காக என் நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தது. காலையில் ஐந்து வீட்டிலிருந்து ஐந்து சிலுவைகளைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு நடந்தோம். பங்குச்சாமி அடக்கப் பூசை வைத்து, எல்லாவற்றையும் இறந்தோர் பீடத்து மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அந்த நேரத்தில் நீ இக்கீக்கேயில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

விற்பதற்கு வீடு இல்லை. பழைய விளக்குக்காரர் லெ ப்ரி முட்டிவலி தாங்காமல் மகளோடு பிரெஸ்டுக்குப் போய்விட்டார். அவருக்கு எண்ணெய் சுமந்தவளும் கண்ணாடி துடைத்தவளும் நான்தான். கடலில் புருஷனைக் கொடுத்தவள் என்பதால், வேறு ஆள் கிடைக்கும் வரை தற்காலிகமாக என்று எனக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். ராஜா காலத்துக் கோபுரம், நூற்றுப் பன்னிரண்டு படி, ஈரம் சொட்டுகிற சுவர், இங்கே எவன் வருவான். வீட்டை அப்போதே விற்றுவிட்டுக் கோபுரத்துக்கே குடிவந்தேன். பதினான்கு மாதமாக நான்தான் ஏற்றுகிறேன். ஒரு ராத்திரியும் அணைந்ததில்லை. ஆகஸ்ட் கடைசியில் விளக்கு அலுவலகத்து மேலதிகாரி வந்து பார்த்து வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்.

ஆக, லெ ஆவ்ருக்கு என்னால் வர முடியாது. வரவும் விருப்பமில்லை. நீ உயிரோடு இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு ஆத்திரம் என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பர்பா


லெ ஆவ்ர்
18 ஏப்ரல் 1897

பர்பாவுக்கு,

என் சிலுவையைச் செய்ய உங்களுக்கு அவ்வளவு அவசரம். இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால் மெழுகு என்ன கெட்டா போய்விடும்.

நீ விளக்கேற்றுகிற கதையைப் பெயர் சொல்லாமல் இங்கே படகுக்காரர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். "பொம்பள ஏத்துன வெளிச்சத்தப் பாத்து வந்தா நேரா அடுப்பங்கரையிலதான் போய் முட்டுவோம்" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

நன்றாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நான் ஊருக்கு வருகிறேன். கப்பல் முழுகியபோது ஒரு பலகையைப் பிடித்துத் தப்பினேன், நார்வேக்காரன் ஒருவன் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான், காய்ச்சலில் கிடந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள். பத்து வருடம் கடலில் இருந்தவன் நான். விளக்கு வேலையை என் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அந்த வேலைக்கு நான் இரண்டு தடவை எழுதிப் போட்டும் அவர்கள் இல்லை என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. காகிதத்தில் பெயர்தான் மாறும். நீ ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

எர்லே


கெர்மோர், விளக்குக் கோபுரம்
2 மே 1897

எர்லேக்கு,

ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுததாம். நான் தூங்கவில்லை என்று உனக்குக் கவலை.

போன நவம்பரில் வடமேற்குக் காற்று மூன்று நாள் அடித்தது. இரண்டாம் நாள் ஒரு காட்டு வாத்து வெளிச்சத்தைப் பார்த்து வந்து மோதி, விளக்குக் கூண்டின் பெரிய கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. காற்று நுழைந்தால் திரி நிற்காது. கீழே ஓடினேன். மாட்டக் கூடிய பலகை என்று இந்தக் கோபுரத்தில் ஒன்றுதான் இருந்தது. உடைந்த கப்பல் மரத்தில் நீ இழைத்து நீலம் பூசிக் கொடுத்தாயே, நம் பெட்டிக் கட்டில், அலமாரி மாதிரி மூடிக்கொண்டு படுப்போமே, அதன் கதவு. கோடாரியால் கழற்றி, முதுகில் கட்டி, நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி, ஓட்டையில் வைத்து ஆணி அடித்தேன். விடியும் வரை முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நம் பாறைகளுக்கு வெளியே இரண்டு கப்பல் போயின. இரண்டும் பிரெஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுப்பங்கரையில் முட்டவில்லை என்று உன் படகுக்காரர்களிடம் சொல். வாத்தை மறுநாள் உருளைக்கிழங்கு போட்டு வேகவைத்துச் சாப்பிட்டேன்.

விளக்கை உனக்குத் தரமாட்டேன். கேட்காதே.

அடுத்தது உன் நார்வேக்காரன் கதை. கழுவின மீனில் நழுவின மீன் நீ என்று எனக்குத் தெரியும், ஆனால் இந்தத் தடவை நழுவினால் யார் தலையில் விழும் என்று யோசித்தாயா? கப்பல் முழுகி நீ மட்டும் தப்பினாய் என்று சொன்னால், குல்வென் பெண்டாட்டி கத்தெல் அன்றைக்கே கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவாள். ஒருத்தன் தப்பினால் குல்வென் ஏன் தப்பியிருக்கக் கூடாது? இசிதோர் கிழவனின் பெண்டாட்டி தினமும் இரண்டு தட்டு வைப்பாள். பெர்தெலே மருமகள்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வீட்டைப் பூட்டிவிட்டுப் படகுத்துறையிலேயே கிடப்பார்கள். சாகிற வரைக்கும் நான்கு வீடும் காத்துக்கொண்டிருக்கும். அழுது முடித்தவர்களை மறுபடி அழவைக்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வருவதென்றால் உண்மையோடு வா. அந்த நான்கு வீட்டிலும் ஏறி, நான் ஓடிப்போனவன், உங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு கப்பல் போனது என்று சொல். அதன் பிறகுதான் நான். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு, பங்குச்சாமிகளுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் வருகிறார். பெட்டியில் இருக்கிற சிலுவைகளை எடுத்துக் கல்லறையில் வைத்து மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்.

பர்பா


லெ ஆவ்ர்
6 ஜூன் 1897

பர்பாவுக்கு,

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

ஓடுவதென்று முடிவு செய்தது நான் மட்டும் இல்லை. நானும் குல்வெனும். தண்ணீர் பிடிக்கப் பீப்பாய்களோடு எங்கள் இரண்டு பேரையும் கரைக்கு அனுப்பினார்கள். பீப்பாய்களைக் குழாயடியில் விட்டுவிட்டு நடந்தோம். சந்தைத் தெரு முனையில் அவன் நின்றுவிட்டான். "கத்தெல்கிட்ட வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன்டா. ஓடிப்போனவன்னு பேரு வந்தா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்? நான் திரும்பிடறேன்" என்றான். "பயந்தாங்கொள்ளி, போடா. பொண்டாட்டி முந்தானையப் பிடிச்சுக்கிட்டே சாவு" என்றேன். அப்படித்தான் சொன்னேன், இதே வார்த்தை. அவன் கோபப்படவில்லை. திரும்பிப் போய் நிரம்பிய பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் தனியாக உருட்டிக்கொண்டு படகுக்குப் போனதை நான் நின்று பார்த்தேன். ஒரு கை கொடுக்கக்கூட போகவில்லை.

இதைக் கத்தெல் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன். என்னால் முடியாது. நான் செத்தவனாகவே இருந்துவிடுகிறேன். மேலதிகாரி வரும்போது விதவை என்றே கையெழுத்துப் போடு. விளக்கு உன்னுடையதாகவே இருக்கும். ஜூலையில் சிட்னிக்கு ஒரு கப்பல் போகிறது, ஆள் எடுக்கிறார்கள். உனக்கு நான் இதுவரை ஒன்றும் உருப்படியாகக் கொடுத்ததில்லை. என் சாவையாவது வைத்துக்கொள்.

எர்லே


கெர்மோர்
15 ஜூன் 1897

எர்லே,

கப்பல் ஏறாதே. இன்னொரு தடவை ஓடினால் நான் உனக்காகச் சிலுவை செய்ய மாட்டேன், மெழுகு வீண். ஆகஸ்ட் முடியட்டும். அதுவரை இடத்தை விட்டு நகராதே.

பர்பா


கெர்மோர், விளக்குக் கோபுரம்
10 செப்டம்பர் 1897

எர்லேக்கு,

நீ கொடுத்த பரிசை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

மேலதிகாரி முப்பதாம் தேதி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, படியேறி மேலே வந்ததும் ஐந்து நிமிடம் பேச்சே வரவில்லை, தண்ணீர் கொடுத்தேன். கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். திரியைப் பார்த்தார். குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு ஒரு தாளை எடுத்து, "இங்க விதவைன்னு போட்டிருக்கு பாருங்கம்மா, அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றார்.

பேனாவை வாங்கிவிட்டேன் எர்லே. உண்மையைச் சொல்கிறேன், தொட்டு மையும் எடுத்துவிட்டேன். ஒரு கையெழுத்தில் விளக்கு எனக்கு. ஆனால் அப்படி வாங்கினால் அது உன் சாவுக்குக் கொடுத்த கூலி. இருபது மாதம் எண்ணெய் சுமந்து, பனிமூட்டத்தில் கண் எரிந்து, ஒரு தடவையும் அணைய விடாதவள் நான். கொடுத்தால் அதற்காகக் கொடுக்கட்டும். நீ இருக்கிறாயா செத்தாயா என்பதைப் பொறுத்து என் வேலை இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த 'விதவை'யின் மேல் ஒரு கோடு போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "என் புருஷன் உயிரோட இருக்கான். கப்பல விட்டு ஓடினவன்" என்றேன்.

மனிதர் பேனாவை வாங்கித் துடைத்து வைத்தார். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லிட்டேனே."

"அப்போ இந்த வேலைக்கு உங்களுக்கு விதியில இடமில்ல."

"விதியில இடமில்லாட்டி என்னங்க, விளக்குல வெளிச்சம் இருக்கில்ல? இருபது மாசத்துல எந்த ராத்திரி அணைஞ்சுதுன்னு அந்தக் குறிப்பேட்டப் பாத்துச் சொல்லுங்க. சொன்னா இப்பவே சாவியத் தரேன்."

அவர் மறுபடியும் புரட்டினார். புரட்டினால் கிடைக்குமா? "சாவி வாங்க ஆள் அனுப்புவாங்க" என்றார் கடைசியில். "அனுப்பட்டும். நூத்துப் பன்னெண்டு படி ஏறி வந்து கேக்கட்டும்" என்றேன். படகுக்குப் போகும்போது எனக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போனார்.

மாதா திருநாள் அன்று கோவிலில் மேற்றிராணியார் மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னபோது நான் அவரைப் பார்த்து எழுந்து நின்றேன். "ஆண்டவரே, அஞ்சுல ஒண்ண எடுத்துடுங்க. என் புருஷன் சாகல" என்றேன். பங்குச்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "எது அவனுதும்மா?" என்று கேட்டார்.

அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஐந்தும் ஒரே மெழுகு, ஒரே அளவு. பேர் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. திரும்பி வந்து கேட்பான் என்று எவன் எழுதி வைப்பான்? நான் கையை நீட்டினேன், எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் கத்தெல் என் பக்கத்தில் வந்தாள். "தொடாத" என்றாள். "நீ எத எடுத்தாலும் அது என் குல்வெனா இருக்கும்னுதான் எனக்குத் தோணும். அஞ்சும் உள்ளயே போகட்டும். உயிரோட இருக்கறவன் வந்து பேசட்டும்."

ஐந்தும் கல்லறைக்குள் போயின. உன் சிலுவையும் உள்ளேதான் இருக்கிறது. கத்தெல் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. இவ்வளவு நாள் நான் மறைத்ததற்கு அவள் பேசாமல் இருப்பது நியாயம்தான். சந்தைத் தெருவில் நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அது என் வாயால் வரக் கூடாது. உப்பைத் தின்றவன் நீ, தண்ணீரை நீதான் குடிக்க வேண்டும்.

பர்பா


பிரெஸ்ட்
28 செப்டம்பர் 1897

பர்பாவுக்கு,

வந்துவிட்டேன், பாதி தூரம். பதினாறாம் தேதி இங்கே கப்பலாளர் பதிவு அலுவலகத்துக்குப் போய், "நான் எர்லே துவால், என்ன உயிரோட எழுதிக்கங்க" என்றேன். எழுத்தர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீ செத்து ரெண்டு வருஷம் ஆச்சேப்பா" என்றான். "ஓடிப்போனேன்" என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காவலரைக் கூப்பிட்டான். பத்து நாள் உள்ளே வைத்தார்கள். புகார் சொல்ல கப்பித்தான் இல்லை, கப்பல் இல்லை, அதனால் அதோடு விட்டுவிட்டார்கள். இப்போது என் சொந்தப் பெயரில் இருக்கிறேன்.

அக்டோபர் பதினான்காம் தேதி வியாழக்கிழமைப் படகில் வருகிறேன். பயமாக இருக்கிறது. கேப் ஹார்ன் புயலில்கூட இப்படிப் பயந்ததில்லை.

எர்லே


கெர்மோர், விளக்குக் கோபுரம்
8 அக்டோபர் 1897

எர்லேக்கு,

பயம் வருவது நல்லது. வா.

நேற்றுப் படகில் பிரெஸ்டிலிருந்து சாவி வாங்க ஆள் வந்தான். மீசையும் தகரப் பெட்டியுமாக ஆள் பெரிய ஆள், ஆனால் வழி முழுக்க வாந்தி எடுத்திருக்கிறான். நம் தீவில் படகிலிருந்து சுமை இறக்குவது பெண்கள்தானே. பன்னிரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். ஒருத்தியும் அவன் பெட்டியைத் தொடவில்லை. பெரின்தான் ஓடிவந்து எனக்குச் சொன்னாள்.

"யாராவது இதத் தூக்குங்கம்மா" என்றானாம்.

"இடுப்பு வலிங்க" என்றாளாம் கத்தெல்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். இன்னைக்குக் காலையில ஒண்ணா வந்துச்சு."

தங்க அறை கேட்டிருக்கிறான். எந்த வீட்டிலும் கட்டில் காலியாக இல்லை. தானே தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெட்டியைத் தேடினால், அதன் மேல் இசிதோர் கிழவனின் பெண்டாட்டி உட்கார்ந்துகொண்டு காலுறை பின்னுகிறாள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அதே படகில் திரும்பிவிட்டான். நான் மேலே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன், படகு திரும்புவதைத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் கத்தெல் கோபுரத்து வாசலில் வந்து நின்றாள். "நான் இன்னும் உன்கூடப் பேசல. அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உன் மூட்டையையும் யாரும் தூக்க மாட்டார்கள். கனமாகக் கட்டாதே.

பர்பா


கெர்மோர், கத்தெல் வீட்டு ஆட்டுக் கொட்டகை
19 அக்டோபர் 1897

பர்பாவுக்கு,

கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நீ சொன்ன வரிசை அதுதானே, நான்கு வீடு, அதன் பிறகு நீ. கூப்பிடாமல் மேலே வர எனக்குத் துணிச்சல் இல்லை.

முதலில் கத்தெலிடம்தான் போனேன். கதவைத் திறந்தவள் என்னை உள்ளே விட்டாள். உட்கார வைத்துச் சூப்பை ஊற்றி முன்னால் வைத்தாள். சாப்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். சந்தைத் தெரு, பீப்பாய், நான் சொன்ன அந்த வார்த்தை, எதையும் விடவில்லை. அவள் அழவில்லை. "அவன் உன்ன என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லல. கோபமும் படல" என்றேன். "அவன் அப்படித்தான்" என்றாள். பிறகு, "எனக்காகத் திரும்பினான்னு இப்பத்தான் தெரியுது. இத இத்தனை நாள் பையில வெச்சுக்கிட்டு இருந்திருக்க நீ" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மற்ற மூன்று வீட்டுக்கும் அவளே கூட வந்தாள். மூன்று இடத்திலும் முழுதாகச் சொல்ல வைத்தாள். பெர்தெலே தம்பி வீட்டில் பீப்பாய் விஷயத்தை நான் கொஞ்சம் சுருக்கினேன். "அத விடாத, சொல்லு" என்றாள். சின்ன மருமகள் என் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். இசிதோர் பெண்டாட்டி, கிளம்பும்போது அவர் இருமிக்கொண்டிருந்தாரா என்று மட்டும் கேட்டாள். ஆட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்ளக் கத்தெல் இடம் கொடுத்திருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்க நான் துணியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நேற்றுப் பெரின் எனக்கு ஒரு உறை கொண்டுவந்தாள். விளக்கு அலுவலகத்து முத்திரை. உயிரோடு இருக்கிற கணவர், பத்து வருடக் கடல் அனுபவம், தண்டனை முடிந்துவிட்டது, ஆகவே முறைகேட்டைச் சரிசெய்யும் பொருட்டு கெர்மோர் விளக்குக்காரர் வேலையை எர்லே துவால் ஆகிய எனக்குத் தருகிறார்களாம். நிரந்தரமாக. சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதுமாம். இரண்டு தடவை கெஞ்சியபோது கொடுக்காத வேலை பர்பா. கையில் தாளை வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சபலமே வரவில்லை என்று சொன்னால் நம்பாதே.

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பதில் எழுதி, இன்று காலைப் படகில் அனுப்பிவிட்டேன். எழுதியது இவ்வளவுதான்: 'அந்த வேலை காலியாக இல்லை. ஆள் இருக்கிறாள். எர்லே துவால்.'

நான் எப்போது மேலே வரலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். வரவே வேண்டாம் என்றாலும் சொல்லிவிடு.

எர்லே


கெர்மோர், விளக்குக் கோபுரம்
20 அக்டோபர் 1897

எர்லேக்கு,

நீ அலுவலகத்துக்கு எழுதியதை நீ எனக்குச் சொல்வதற்கு முன்னாலேயே பெரின் சொல்லிவிட்டாள். உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுத்தால் வேறென்ன ஆகும். ஊர் முழுக்கப் படித்துவிட்டது. நான் அதைக் கேட்டபோது எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. இருபத்தொரு மாதத்தில் முதல் தடவை.

அலுவலகம் இதை ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதே. அடுத்த மாதம் இன்னொரு மீசைக்காரன் வரலாம். கூடவே காவலர்களும் வரலாம். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வேலைக் காகிதம் வந்தாலும் வராவிட்டாலும், பொழுது சாய்ந்தால் இங்கே வெளிச்சம் இருக்கும்.

மேலே வரலாமா என்று கேட்டிருக்கிறாய். நாளைக்கு வா, சூரியன் விழ ஒரு மணி நேரம் இருக்கும்போது. நான் இறங்கி வரமாட்டேன். நூற்றுப் பன்னிரண்டு படியும் நீயே ஏறி வா. நான்கு வீட்டில் சொன்னதை இங்கேயும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடிதத்தில் படித்தது கணக்கில் சேராது. நான் திரியை வெட்டிக்கொண்டே கேட்பேன். நீ பேசும்போது உன் முகத்தைப் பார்ப்பேன் என்று எதிர்பார்க்காதே. அந்த நேரத்தில் நான் பார்க்க வேண்டியது விளக்கை.

பர்பா